கன்னையன் அண்ணனின் ஹால் டிக்கெட்

மண்ணரைப் பகுதியில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் ஊசி ஒடிந்துபோனால் புது ஊசி சும்மா கிடைத்துவிடாது. ஒடிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடிப் பொறுக்கிக்கொண்டு போய் ஊசி அறை ஜன்னலில் வைக்க வேண்டும். சித்ரகலா அவற்றை வெள்ளைத் தாளில் போட்டு, முனையோடு முனை சேர்த்துப் பார்ப்பாள். முழு ஊசியும் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அதை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் நேரம், மெஷின் நம்பர், டெய்லர் பெயர், காரணம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் புது ஊசியை நீட்டுவாள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷின் நிற்கும். அவர்கள் தைப்பது கைக்குழந்தைகள் போடும் பனியன்.

இன்னொரு விதியும் உண்டு. எந்த டெய்லரும் உபரியாக ஒரு ஊசிகூட வைத்துக்கொள்ளக் கூடாது. மெஷினில் மாட்டியிருப்பது மட்டும்தான். பழையதைக் கொடு, புதியதை வாங்கு.

சித்ரகலாவுக்கு இருபத்து நான்கு வயது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு துண்டுகூட விட்டுப்போனதில்லை. இருந்தும் தினமும் கிளம்பும்போது அறைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஸ்டாப் வரை போனவள், நான்காவது முறை இழுப்பதற்காகத் திரும்பி வந்ததும் உண்டு.

"பூட்டு பாவம் அம்மிணி, அதுக்கும் வலிக்கும்" என்பார் கன்னையன்.

கன்னையன் அதே மாடியில் இரண்டாவது லைனில் ஃபிளாட்லாக் மெஷின் ஓட்டுபவர். வயது நாற்பத்தாறு. பனியன் கழுத்துக்குப் பட்டி வைப்பதில் அவர் கையை மிஞ்ச ஆள் இல்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பு நடக்கும். பி.ஏ. பொருளாதாரம். சித்ரகலாவுக்கு அது கடைசி வருஷம். கன்னையன் அவளுக்கு மூன்று வருஷம் முன்னாலேயே சேர்ந்தவர். எல்லாத் தாளும் முடித்துவிட்டார். புள்ளியியல் ஒன்று மட்டும் இரண்டு முறை கைவிட்டது. பாடத்திட்டம் மாறிவிட்டதால் பழைய திட்டத்தில் எழுத இந்த நவம்பர்தான் கடைசி வாய்ப்பு. இதையும் விட்டால் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எதற்கு இந்த வயதில் படிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "சும்மாதானுங்க" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பார். மிதிக்கிற வேகத்தைப் பார்த்தால் சும்மா என்று தோன்றாது.

ஜூலை மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. நான்கு பக்கம், ஆங்கிலத்தில். இனிமேல் மாணவர் கணக்குக்குள் நுழையப் பாஸ்வேர்டு மட்டும் போதாது. போனில் ஓர் ஆப் ஏற்றி, அதில் வரும் ஆறு இலக்க எண்ணையும் போட வேண்டும். இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் எடுக்க முடியாது. மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஜெயபாரதி மேடம் அந்த மெயிலைப் பார்த்துவிட்டு, "நானே இன்னும் பண்ணலீங்க, யாராச்சும் பண்ணுனா எனக்கும் சொல்லுங்க" என்று கை விரித்துவிட்டார்.

சித்ரகலா மெயிலை இரண்டு இரவு படித்தாள். புரியாத வார்த்தைகளை அகராதியில் பார்த்து ஓரத்தில் எழுதினாள். முதலில் தன் போனில் செய்து பார்த்தாள். ஒவ்வொரு படியையும் வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் நம்பர் போட்டு எழுதினாள். திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் மீதிப் பத்துப் பேரையும் வரிசையாக உட்காரவைத்து ஒருவர் பின் ஒருவராகச் செய்துகொடுத்தாள். பாஸ்வேர்டு போடும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் போன் மாடல், தேதி, நேரம்.

கடைசியில் திரை ஒரு கேள்வி கேட்டது: இந்த வழி கிடைக்காமல் போனால் உதவ இன்னொரு வழியையும் சேர்க்கிறீர்களா? சித்ரகலாவின் விரல் பதினோரு முறையும் 'இப்போது வேண்டாம்' என்பதைத்தான் தொட்டது. யோசித்துச் செய்ததல்ல. உபரியாக ஒன்றை மேசையில் விட்டுவைப்பது அவள் கைக்கே பிடிக்காது.

அன்றைக்கு நோட்டில் கடைசி வரியாக எழுதினாள்: 'பதினோரு பேர். பிழை இல்லை. (இதுவரை.)'

அந்த அடைப்புக்குறி நவம்பர் இருபதாம் தேதி, வியாழக்கிழமை, வேலையைக் காட்டியது.

கன்னையனின் போன் பேட்டரி உப்பி, பின்மூடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நாலு மாதமாக ரப்பர் பேண்டு போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பொறுக்க மாட்டாமல் ஒரு கடையில் பேசி, பழைய போனைக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ளும் சலுகையில் ஒன்று வாங்கி வந்துவிட்டாள். பழையதைச் சனிக்கிழமைக்குள் கடையில் சேர்க்க வேண்டும். ஹால் டிக்கெட் இறக்கிக்கொள்ளவும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கெடு. திங்கட்கிழமை பரீட்சை.

"அம்மிணி, இதுல இருக்கற அந்த நம்பர் வர்ற ஆப்பை அதுக்கு மாத்திக் குடு. அப்பறம் ஹால் டிக்கெட்டை எடுத்துரலாம்" என்று வகுப்பு தொடங்கும் முன் இரண்டு போன்களையும் மேசைமேல் வைத்தார்.

சித்ரகலா நோட்டைத் திறந்தாள். அவள் எழுதிவைத்த படிகளில் மாற்றுவதற்கு வழி இல்லை. புதிதாகச் சேர்ப்பதற்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டுமா? ஒரு நாளைக்கு இருபது முறை செய்கிற வேலை. முதலில் பழையது உள்ளே வர வேண்டும்.

பழைய போனில் ஆப்பைத் திறந்தாள். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தொட்டு, 'கணக்கை நீக்கு' என்பதை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக. திரை காலியானது. புது போனில் ஆப்பை ஏற்றி, பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து கன்னையனிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அவர் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்தபடி போட்டார்.

"என்னமோ கேக்குது அம்மிணி."

ஆப்பில் தெரியும் ஆறு இலக்க எண்ணை இடவும்.

புது போனில் ஆப் இருந்தது. அதில் எண் இல்லை. எண்ணைக் கொண்டுவர உள்ளே நுழைய வேண்டும். உள்ளே நுழைய எண் வேண்டும். பழைய போனை எடுத்து ஆப்பை மறுபடியும் திறந்தாள். 'கணக்கு எதுவும் இல்லை' என்றது. இன்னும் இரண்டு முறை முயன்றாள். வேறு வழியில் உள்ளே வர விரும்பினால் என்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டால், வேறு வழி எதுவும் சேர்க்கப்படவில்லை என்று வந்தது.

பக்கத்தில் கன்னையன் புது போனின் திரையைச் சட்டை நுனியால் துடைத்து, அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வர் கோளாறு என்று சொல்லலாம். நாளைக்குப் பார்க்கலாம் அண்ணா என்று சொன்னால் அவர் நம்புவார். வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊசி ஒடிந்ததை மறைத்துவிட்டுத் தைத்துக்கொண்டே போகிற டெய்லரை அவள் மூன்றரை வருஷமாக என்ன பாடு படுத்தியிருக்கிறாள்? ஒடிந்ததும் கையைத் தூக்க வேண்டும். அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நேரம் ஆக ஆகத் துண்டு துணிக்குள் போய்விடும்.

நோட்டில் முதலில் நேரத்தை எழுதினாள். சுவர்க் கடிகாரம் ஏழு பன்னிரண்டு, பதினான்கு, இருபத்தொன்று என்று காட்டிய மூன்று முயற்சிகளையும் எழுதினாள். அதற்கப்புறம்தான் தலையைத் தூக்கினாள்.

"அண்ணா, நான் தப்புப் பண்ணீட்டேனுங்க."

"என்ன பண்ணுன?"

"புதுசைச் சேக்காம முதல்ல பழசை எடுத்துட்டேன். இப்ப உள்ள போகவே முடியலீங்க. ஜூலையில இன்னொரு வழியும் சேக்கறயான்னு கேட்டுச்சு. அதையும் நான்தான் வேண்டாம்னு விட்டேன்."

கன்னையன் இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன், பரீட்சை முடியட்டும் புள்ளன்னு. கேக்கல" என்றார். பிறகு, "உன்ற மேல கோவமில்ல அம்மிணி. இதுக்கு என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லு" என்றார்.

என்ன செய்வதென்று ஜெயபாரதி மேடத்துக்குத்தான் தெரிந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் உதவி மையம் ஒன்று இருக்கிறது. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. மாணவரே அடையாள அட்டையோடு வீடியோ காலில் வர வேண்டும். அவர்தான் இவர் என்று நம்பினால் பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வழி செய்வார்கள்.

"நம்பலைன்னாங்க மேடம்?"

"நேர்ல வரச் சொல்லுவாங்க. நாளைக்கு வெள்ளி. சனி, ஞாயிறு அவங்களுக்கு லீவு. அப்ப திங்கக்கெழமைதான்" என்றார் மேடம்.

அன்றைக்குப் புள்ளியியல் ஆசிரியர் திட்டவிலக்கம் நடத்தினார். சித்ரகலா ஒரு வரியும் எழுதவில்லை. ஊசி அறையில் உட்காருகிற நாமா இப்படி என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் உறைத்தது: ஊசி அறையில் உட்காருவதால்தான் இப்படி.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக்குள் போகும்போது வழக்கம்போலப் போனை வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்து, மரப்பெட்டியில் வைக்கச் சொல்லி டோக்கன் வாங்க வேண்டும். தையல் மாடிக்குப் போன் போகக் கூடாது. உதவி மையம் திறந்திருப்பதோ இவர்கள் மெஷின் ஓடுகிற நேரத்தில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களும் சாப்பிடப் போய்விடுவார்கள். பகலில் வெளியே போக ஒரே வழி, லைன் சூப்பர்வைசர் பிரபாகரிடம் கேட்பது.

பிரபாகர் கெட்டவன் இல்லை. நாளைக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டும் என்கிற நாளில் யாருமே நல்லவராக இருக்க முடியாது, அவ்வளவுதான்.

"எத்தனை நேரம்?"

"அரை மணி நேரமுங்க. கொஞ்சம் கூடவும் ஆகலாம்."

"நீ மட்டுமா?"

"கன்னையன் அண்ணனும் வரோணும். அவரு மூஞ்சியத்தான் பாக்கோணும்னு சொல்றாங்க."

"அவரு மூஞ்சிய எதுக்குப் பாக்கோணும்? கழுத்துப் பட்டி பூரா அவரு ஒருத்தரு கையில நிக்குது. நீ ஊசி அறையப் பூட்டிட்டுப் போயிருவ. ஊசி ஒடஞ்சா, நான் வாயில வெச்சுத் தெக்கறதா?"

"அனுப்பிரியா அக்கா அரை மணி நேரம் அவரு மெஷின்ல உக்காறேன்னு சொல்லீட்டாங்க. ஊசி அறைச் சாவிய உங்ககிட்டக் குடுத்துட்டுப் போறேன். ரூல்ல அப்படித்தான் இருக்குங்க."

"எந்த ரூல்ல?"

சித்ரகலா கோப்பைத் திறந்து காட்டினாள். ஊசி அறைப் பொறுப்பாளர் இல்லாத நேரத்தில் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அதற்குக் கீழே பிரபாகரின் கையெழுத்து.

"இதுல எப்ப நான் கையெழுத்துப் போட்டேன்?"

"போன வருஷம் ஆடிட்டுக்கு முன்னாடி. படிக்காமப் போடாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனுங்க."

பக்கத்து லைனில் யாரோ சிரித்தார்கள். பிரபாகர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையெழுத்தை இன்னொரு முறை பார்த்தான். "எதுக்குன்னு சொல்லு. நெசமாச் சொல்லு."

அவள் சொன்னாள். ஊசி அறைப் பழக்கத்தில் பழையதை முதலில் எடுத்துவிட்டதை, இரண்டாவது வழியை வேண்டாம் என்றதை, திங்கட்கிழமை பரீட்சையை, இது போனால் ஆறு வருஷப் படிப்பும் மறுபடி முதல் வருஷத்திலிருந்து என்பதை. அவள் சொல்லச் சொல்ல பிரபாகர் கன்னையன் பக்கம் திரும்பினான்.

"ஏனுங்ணா, ஆறு வருஷமா நீங்க படிக்கறீங்களா? எனக்கே தெரியாதே."

"சும்மாதானுங்க" என்றார் கன்னையன்.

"பதினொண்ணுக்குள்ள வந்தர்ணும்" என்று பிரபாகர் சாவிக்குக் கையை நீட்டினான். சித்ரகலா ஊசிகளை எண்ணி, எண்ணிக்கையை எழுதி, அவன் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் சாவியை அந்தக் கையில் வைத்தாள். நேரம் பத்து ஐந்து.

வாசலில் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினார்கள். ஜெனரேட்டர் சத்தம் காதை அடைத்தது. வெட்டுத் துணிக் கழிவு மூட்டைகளை அடுக்கிவைக்கும் குடோனுக்குள் போனார்கள். கூரை வரை மூட்டை. சத்தம் எல்லாவற்றையும் துணி குடித்துவிடும். கன்னையன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். சித்ரகலா புது போனை இன்னொரு மூட்டைமேல் சாய்த்து நிறுத்தி, உதவி மையத்து எண்ணை அழைத்தாள். வரிசையில் ஒன்பதாவது ஆள் என்றது. கன்னையன் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து இருந்தார். இருபது நிமிடம் கழித்துத் திரையில் ஒரு கண்ணாடி போட்ட மனிதர் வந்தார். பெயர் சிவசுப்பிரமணியம் என்றார். குரலில் காலையிலேயே களைப்பு இருந்தது.

"கார்டை முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க சார்."

கன்னையன் பிடித்தார். அந்தப் பக்கம் மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சார், போட்டோவுல இருக்கறவருக்கு முடி நிறைய இருக்கு. மீசையும் இருக்கு."

கன்னையன் தன் தலையைத் தடவினார். மூன்று வாரத்து முளைப்பு, உப்புத்தாள் மாதிரி இருந்தது. "பழனியில குடுத்துட்டனுங்க."

"யார்கிட்ட?"

"முருகங்கிட்டத்தானுங்க. வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"புள்ளியியல் பாஸாகோணும்னுங்க."

சிவசுப்பிரமணியம் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. ஆனால் தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம் சார். இந்தப் போட்டோவை வெச்சு நீங்கதான்னு நான் எழுத முடியாது. திங்கக்கிழமை நேர்ல வந்துடுங்க."

"திங்கக்கெழமைதானுங்க பரீட்சை."

சித்ரகலா போனுக்கு முன்னால் குனிந்தாள். "சார், கூடப் படிக்கறவ நான். தப்புப் பண்ணினது நான்தானுங்க. அவரு கணக்குல எப்ப எப்ப என்ன நடந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கேன். உங்ககிட்ட இருக்கற பதிவோட ஒத்துப் பாத்துக்குவீங்களா?"

சிவசுப்பிரமணியம் தன் திரையில் பதிவைத் திறந்தார். "ஒத்துப் பாக்கலாம். ஆனா அவர் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது."

கன்னையனின் படிக்கிற கண்ணாடி மாடியில் மெஷின்மேலேயே இருந்துவிட்டது. சித்ரகலா நோட்டை அவருக்கு முன்னால் பிடித்தாள். "இன்னும் தள்ளிப் பிடி அம்மிணி" என்றார். அவள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய், கடைசியில் எதிர் மூட்டையோடு முதுகு ஒட்டி நின்றாள்.

"முதல்ல ஆப்பைச் சேர்த்தது எப்போ சார்?"

"ஜூலை பதினாலு. திங்கக்கெழம. ராத்திரி எட்டு நாப்பத்தி ரெண்டுங்க."

"கடைசியா உள்ள வந்தது?"

"அக்டோபர் ஒம்பது. ஏழு அம்பத்தி மூணு. அசைன்மென்ட் ஏத்துனேனுங்க."

"நேத்து?"

"மூணு தடவ முட்டி மோதிப் பாத்தமுங்க. ஏழு பன்னண்டு, ஏழு பதினாலு, ஏழு இருவத்தி ஒண்ணு."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். புருவம் சுருங்கியது. "ஒண்ணுகூடச் சரியா வரலையே. என்கிட்ட எட்டு நாப்பதுன்னு இருக்கு. ஏழு அம்பத்தொண்ணு. நேத்து ஏழு பத்து, பன்னண்டு, பத்தொன்பது."

சித்ரகலா நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். எழுதும்போது தப்பாகப் பார்த்துவிட்டோமா? எல்லா இடத்திலுமா? மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கழித்தாள். இரண்டு. இரண்டு. மறுபடியும் இரண்டு, இரண்டு, இரண்டு.

"சார்" என்றாள். "எல்லாமே ரெண்டு நிமிஷம் கூட இருக்குதுங்களா?"

"ஆமா."

"எங்க வகுப்புச் சுவர்க் கடிகாரம் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுமுங்க. பஸ்ஸை விடக் கூடாதுன்னு வாட்ச்மேன் தள்ளி வெச்சிருக்காரு. அதைப் பாத்துத்தான் எல்லாத்தையும் எழுதினேன்."

சிவசுப்பிரமணியம் நாற்காலியில் சாய்ந்தார். இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. "நாலு வருஷமா இந்த சீட்ல இருக்கேம்மா. வர்றவங்க, 'ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நேரம்'னுதான் சொல்லுவாங்க. ஏமாத்த வர்றவன்கூட இப்படிக் கடிகாரத்தோட பிழையையும் சேர்த்து எழுதி வெச்சிருக்க மாட்டான்." பிறகு பிறந்த தேதி, பதிவு எண், எழுதி முடித்த தாள்கள் என்று கன்னையனிடம் இன்னும் ஐந்தாறு கேள்வி கேட்டார். அதற்கெல்லாம் நோட்டுத் தேவைப்படவில்லை. தோற்ற தாளின் இரண்டு மதிப்பெண்களையும் கன்னையன் கேட்காமலே சொன்னார்.

"சரி. தற்காலிக எண் ஒண்ணு தர்றேன். பத்து நிமிஷம்தான் இருக்கும். அவசரப்படாதீங்க."

சித்ரகலா அவசரப்படவில்லை. கன்னையன் பாஸ்வேர்டு போட்டபோது முகத்தை மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புது போனில் ஆப்பைச் சேர்த்தாள். ஆறு இலக்கம் வந்தது. அதோடு நிற்காமல் வெளியே வந்து, மறுபடி உள்ளே நுழையச் சொன்னாள். நுழைந்தது. இன்னொரு முறை. நுழைந்தது. அதற்கு அப்புறம்தான் அந்தப் பழைய கேள்வி திரையில் வந்தது: இன்னொரு வழியையும் சேர்க்கிறீர்களா?

அவள் விரல் ஒரு கணம் தயங்கியது.

"உபரியா ஒண்ணு வெச்சுக்கலாமுங்களா சார்?"

"வெச்சுக்கணும்மா. அதுக்குத்தானே கேக்குது."

கன்னையன் மனைவியின் எண்ணைச் சேர்த்தார்கள். "இனி அவகிட்டக் கேட்டாத்தான் நான் உள்ள போக முடியுமா?" என்றார் கன்னையன்.

"ஆப் போயிருச்சுன்னா மட்டும்தானுங்ணா."

"அப்ப ஆப்பைப் பத்தரமாப் பாத்துக்கறேன்."

ஹால் டிக்கெட் இறங்கியது. பெயர், பதிவு எண், புள்ளியியல், திங்கட்கிழமை காலை பத்து மணி. சித்ரகலா நோட்டில் இருந்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்த்தாள். கன்னையன் போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மூலையில் அதே பழைய போட்டோ. அடர்ந்த முடி, முறுக்கிய மீசை.

"அம்மிணி, திங்கக்கெழம பரீட்சை ரூம்லயும் இவன் யாருன்னு கேப்பாங்களே."

"ஜெயபாரதி மேடம்கிட்ட ஒரு கடுதாசி எழுதி, இப்ப எடுத்த போட்டோ ஒட்டிக் கையெழுத்து வாங்கிரலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே அதையும் நோட்டில் எழுதினாள்.

போனை வைக்கும் முன் சிவசுப்பிரமணியம் கேட்டார். "அந்த நோட்டுல நீங்க படிப்படியா எழுதியிருக்கற பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப முடியுமாம்மா? எங்க மெயிலை விடத் தெளிவா இருக்கும்போல. தமிழ்ல வேற இருக்கு. மத்த மையத்துக்கும் அனுப்பி வைக்கறேன்."

சித்ரகலாவுக்கு உள்ளே ஏதோ பூத்தது. அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். "அதுல ரெண்டு தப்பு இருக்குங்க. உபரி வழி சேக்கச் சொல்லல, போன் மாத்தற படியும் இல்ல. திருத்திட்டுச் சாயங்காலம் அனுப்பறேன்" என்றாள்.

மாடிக்குத் திரும்பும்போது பதினொன்று ஆறு. ஊசி அறைக்குள் பிரபாகர் உட்கார்ந்திருந்தான். அவன் கட்டைவிரலில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற கையால் எடுக்கப்போனால் அந்த விரலில் ஒட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே ஒடிசாக்கார டெய்லர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பூரா டுக்கடா லாவோ, எல்லாத் துண்டையும் கொண்டாங்கன்னு இந்தியில நாலு தடவ சொல்லீட்டேன்" என்றான் பிரபாகர். "முனையக் காணோம்னாரு. மெஷினுக்கு அடியில என்னைய முட்டி போட வெச்சுத் தேட வெச்சுட்டாரு. தினமும் இதத்தான் பண்றயா நீ?"

"கெடச்சுதுங்களா?"

"கெடைக்காம விடுவேனா?"

சித்ரகலா அவன் ஒட்டியதைப் பார்த்தாள். டேப் கோணலாக இருந்தது. ஆனால் ஊசி முழுதாக இருந்தது. முனையோடு முனை. நேரம், மெஷின் நம்பர், கையெழுத்து. எல்லாம் சரி. வெளியே நின்றவருக்குப் புது ஊசியைக் கொடுத்து அனுப்பினாள். மீதியை எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

அந்தப் பக்கம் கன்னையனின் மெஷின் சத்தம் கேட்டது. அனுப்பிரியா எழுந்து இடம் விட்டிருக்க வேண்டும். அந்த மிதியை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும்.

சாவி கைமாறிய பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. காரணம். அவள் பேனாவை எடுத்தாள்.

"சொந்த வேலைன்னு போட்டுரு" என்றான் பிரபாகர்.

"சொந்த வேலை இல்லீங்களே."

"அப்ப உடம்பு செரியில்லைன்னு போடு. ஆடிட்டர் இதையெல்லாம் படிப்பான்."

சித்ரகலா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு எப்போதும்போலச் சிறிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியே ஒரு கோடுகூடப் போகாமல் எழுதினாள்: 'ஊசி அறைப் பொறுப்பாளர் செய்த தவறால் கன்னையனுக்கு ஹால் டிக்கெட் கிடைக்காமல் நின்றது. சரி செய்யப்பட்டது. 11.06.'

பிரபாகர் தலைகீழாக அதைப் படித்தான். "ஆடிட்டர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"நம்ம லைன்ல ஒருத்தரு டிகிரி முடிக்கறாருன்னு சொல்லுங்க."

பிரபாகர் விரலில் இருந்த டேப்பை மேசை ஓரத்தில் தேய்த்து ஒட்டிவிட்டு லைனுக்குப் போனான். போகிற வழியில், "ஏனுங்ணா, எத்தன மார்க்கு வேணும் பாஸாக?" என்று அவன் கேட்பதும், கன்னையன் மெஷினை நிறுத்தாமலே ஏதோ பதில் சொல்வதும் காதில் விழுந்தன.

சாயங்காலம் ஊசி அறையைப் பூட்டினாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். கை மூன்றாவது முறைக்குப் போனபோது, படிக்கட்டில் காத்திருந்த கன்னையன் கூப்பிட்டார்.

"பஸ் போயிரும் அம்மிணி. நோட்டை எடுத்துட்டயா? மேடத்துகிட்டக் கையெழுத்து வாங்கோணும், நீ அந்த ரெண்டு தப்பையும் திருத்தோணும், மீதிப் பத்துப் பேருக்கும் உபரி சேக்கோணும். எனக்குப் படிக்கவும் நேரம் வேணும்."

"எடுத்துட்டேனுங்ணா" என்றாள். பூட்டை அப்படியே விட்டுவிட்டு, படியிறங்கும்போது பைக்குள் கையை விட்டு நோட்டு இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.